நகருக்கும் ஒரு பாவடி வேண்டும்

கைத்தறி நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் இந்த மாத இதழில், சென்னை மாநகரின் கட்டடங்களையும் வீதிகளையும் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் சற்றுச் சிந்தித்துப் பார்த்தால் விடை எளிதில் விளங்கும். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் நெய்யப்படும் பட்டுச்சேலை பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளில் விலை போகிறது. திருவள்ளூர், செங்கற்பட்டு மாவட்டங்களில் விளையும் கீரையும் காயும் பூவும் மயிலாப்பூர் மாட வீதிகளில் கூடை கூடையாக இறங்குகின்றன. நாம் உண்டாக்கிய பொருள் கைமாறி விலை பெறும் இடம் அந்நகரம். அவ்விடத்தை வகுத்தவர் யார், எவருக்காக வகுத்தனர், இனி எவ்வாறு வகுக்கப் போகின்றனர் என்பவை நம் கூலியையும் விலையையும் நேரே தொடும் விஷயங்களாகும்.

பொது இடம் என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. சேலத்துப் பக்கத்து நெசவாளர்க்குப் ‘பாவடி’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பாவுக்குக் கஞ்சியிட்டு, நீளமாக இழுத்துக் கட்டி, இழை பிரித்து ஆற்றுவதற்கென்று ஊர் நடுவே விடப்பட்ட திறந்த வெளியே பாவடி. அது எவர் ஒருவருக்கும் சொந்தமன்று. காலையில் அங்கே பாவு நீளும். வெயில் ஏறியபின் பிள்ளைகள் விளையாடும். மாரியம்மன் பண்டிகையில் கூத்து நடக்கும். தகராறு வந்தால் பஞ்சாயத்துக் கூடும். குடியானவர்க்கு இதே உபகாரத்தைச் செய்வது களத்துமேடு. அறுவடையில் நெல்லடிக்கும் இடம், மற்ற நாட்களில் ஊரார் கூடும் இடமாகிறது. தொழிலும் பொழுதுபோக்கும் நியாயமும் ஒரே மண்ணில், நேரம் பிரித்துக்கொண்டு, ஒன்றையொன்று நெருக்காமல் வாழ்ந்தன. நகரச் சிற்பிகள் இக்காலத்தில் பெரும் பொருட்செலவில் உண்டாக்க முயலும் ‘பொதுவெளி’ இதுவேயாகும்.

ஒரு சங்கத்தை ஆய்வு செய்யச் செல்பவர் முதலில் கேட்பது அதன் துணைவிதிகளை. அங்கத்தினராகத் தகுதியுடையவர் யார், வாக்கு யாருக்கு, லாபம் எப்படிப் பங்கிடப்படும் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். கட்டடத்தின் வரைபடமும் அத்தகைய துணைவிதியே என்பது என் உறுதியான அபிப்பிராயம். எவர் உள்ளே வரலாம், எவர் வெளியில் நிற்க வேண்டும், எவருக்கு நிழல், எவருக்கு வெயில் என்பதைக் கோடு போட்டு எழுதிய விதி அது. காகிதத்தில் எழுதிய துணைவிதியைப் பொதுச் சபை கூடித் திருத்திக்கொள்ளலாம். செங்கல்லிலும் சிமெண்டிலும் எழுதியதைத் திருத்த ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். ஆகையால் எழுதுமுன் கேட்பதே விவேகம். சென்னையின் தென்பகுதியிலும் மத்தியிலும் நூறாண்டுக் காலத்தில் எழுந்த சில அமைப்புக்களை இந்தக் கண்கொண்டு பார்ப்போம்.

தியாகராய நகரை எடுத்துக்கொள்வோம். 1920-ம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, மாம்பலத்தை ஒட்டி நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி வற்றடிக்கப்பட்டு, அப்பகுதியில் திட்டமிட்டு வகுக்கப்பட்ட குடியிருப்பு அது. நடுவில் ஒரு பூங்கா, அதனின்று பல திசைகளிலும் பிரிந்து செல்லும் அகன்ற சாலைகள், ஆங்காங்கே விளையாட்டிடங்கள் என்று நன்கு யோசித்துப் போடப்பட்ட அமைப்பு. பூங்கா அக்காலத்து முதன்மந்திரி பனகல் அரசரின் பெயரைப் பெற்றது. நகரோ சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைத் தாங்குகிறது. அவர் நெசவுத் தொழிலில் ஈடுபட்ட குடும்பத்தில் தோன்றியவர். தாமே நெசவுச்சாலை நடத்தியவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கி 1925-ல் காலமானவர். நெசவாளர் மரபில் வந்த ஒருவர் பெயரால் விளங்கும் நகரில், நெசவாளர்க்கென்று ஒதுக்கிய இடம் எவ்வளவு என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

வீடுகளுக்கென்று வகுத்த அந்நகர் நாளடைவில் கடைத்தெருவாயிற்று. 1928-ல் தொடங்கிய நல்லி பட்டுக்கடை முதல் இன்றுள்ள பன்மாடி மாளிகைகள் வரை, தமிழ்நாட்டுப் பட்டு வாணிபத்தின் நெஞ்சே அங்குதான் துடிக்கிறது. வாணிபம் வளர்ந்தது நமக்கும் நன்மையே. அதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆயினும் குடியிருப்புக்கென்று போட்ட தெருவில் மாடி மேல் மாடியாகக் கடைகள் எழுந்தபோது, அத்தெருவின் அகலத்தையும் வெளியேறும் வழியையும் எண்ணிப் பார்த்தவர் குறைவு. 2017 மே 31-ம் தேதி அங்குள்ள பெரிய ஜவுளி மாளிகை ஒன்றில் பற்றிய தீ நெடுநேரம் அடங்காமல் எரிந்து, கட்டடமே இடிக்கப்பட வேண்டியதாயிற்று. எரிந்தது கடைக்காரரின் முதல் மட்டுமன்று. எத்தனையோ தறிகளின் உழைப்பும் அதில் அடக்கம். தாங்காத இடத்தில் தாங்காத பாரத்தை ஏற்றினால் அச்சிலே இழை அறும் என்பது நெசவாளர் அறியாததா?

அந்நகரில் அண்மையில் நடந்த மாறுதல்கள் சிலவற்றைப் பாராட்ட வேண்டும். பாண்டி பஜார் என்று வழங்கும் சௌந்தரபாண்டியனார் அங்காடித் தெருவில், 2019-ம் ஆண்டு நவம்பரில், நடைபாதைகள் பெரிதும் அகலமாக்கப்பட்டு, அமர்ந்து இளைப்பாற ஆசனங்களும் அமைக்கப்பட்டன. முதியவரும் கைக்குழந்தையுடன் வரும் தாய்மாரும் வண்டிகளுக்கு அஞ்சாது நடக்க இடம் கிடைத்தது. 2023 மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து, சுமார் 570 மீட்டர் நீளமுள்ள உயர் நடைமேம்பாலம் திறக்கப்பட்டது. ரங்கநாதன் தெருவின் நெரிசலில் அகப்பட்டுத் தவித்தவர்கள் அதன் அருமையை அறிவார்கள்.

ஆனால் இதே தெருவில் இன்னொரு காரியமும் நடந்தது. பல்லாண்டுகளாக அங்கு நடைபாதையில் வியாபாரம் செய்து வந்தவர்கள் 2013-ம் ஆண்டில் மாநகராட்சி கட்டிய மாடிக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டார்கள். அவர்களை விரட்டிவிடாமல் கூரையிட்ட கடை கொடுத்தது நல்ல நோக்கமே. எனினும் நடைபாதை வியாபாரத்தின் இயல்பு வேறு. வழியோடு போகிறவர் கண்ணிற்பட்ட பொருளை, கால் நின்ற இடத்தில் வாங்குகிறார். பத்து ரூபாய்ச் சீப்புக்காகவும் இருபது ரூபாய்க் கைக்குட்டைக்காகவும் மாடிப்படி ஏறிச் செல்பவர் எத்தனை பேர்? கீழ்த்தளத்துக் கடைக்கும் மேல்தளத்துக் கடைக்கும் பரப்பு ஒன்றாக இருக்கலாம். வரும்படி ஒன்றாக இராது. வியாபாரிகளோடு உட்கார்ந்து வரைந்திருந்தால் இந்த உண்மை முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். 2014-ம் ஆண்டில் நிறைவேறிய தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் இதனை உணர்ந்தே, நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40-க்குக் குறையாத இடங்களை வியாபாரிகள் தாமே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு அளித்துள்ளது. அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. இது கூட்டுறவுத் தத்துவமே அன்றி வேறென்ன? சட்டம் வழி திறந்துவிட்டது. அவ்வழியே நடந்து சென்று கேட்பது பாதிக்கப்படுவோரின் கடமை.

இனி மயிலாப்பூருக்கு வருவோம். கபாலீசுவரர் கோயிலும் திருக்குளமும் நான்கு மாட வீதிகளும் சேர்ந்த அமைப்பை நகரக் கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் வந்து அளந்து வரைந்து செல்கிறார்கள். அதில் அவர்கள் கற்பது என்ன? தண்ணீரும் வழிபாடும் குடியிருப்பும் சந்தையும் தனித்தனியே பிரிக்கப்படாமல் ஒன்றோடொன்று இசைந்திருக்கும் முறையைத்தான். தேர் திரும்பும் அளவுக்கு வீதி அகலம், வெயிலுக்கு ஒதுங்க வீட்டுக்கு வீடு திண்ணை, குளக்கரையில் காற்று. பங்குனியில் அறுபத்துமூவர் விழாவின்போது லட்சக்கணக்கானோர் அவ்வீதிகளில் நிறைகிறார்கள். மறுநாட் காலையில் அதே இடத்தில் கீரைக்காரி கூடையை இறக்கி வைக்கிறாள். நம் பாவடியின் கணக்கே இங்கும் நடக்கிறது. ஒரே மண் பல வேலைக்கு உதவுகிறது.

திண்ணை என்பதைச் சிறிய விஷயமாக எண்ணலாகாது. வீட்டுக்காரர் தம் சொந்த நிலத்தில் இரண்டடி அகலத்தைத் தெருவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததே திண்ணை. பூக்கட்டும் பெண்ணும், மோர் விற்கும் கிழவியும், வழிப்போக்கனும் அதில் உட்கார்ந்தார்கள். வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்போது, தரைத்தளம் தூண்களும் கார்களும் நிறைந்ததாகிறது. தெருவை நோக்கி நிற்பது மதிற்சுவரும் காவற்காரரும். மனையின் பரப்பைப்போல் 2 மடங்கு வரை கட்டலாம் என்று 2019-ம் ஆண்டின் கட்டட விதிகள் இடந்தருகின்றன. நகரில் வீடு போதாத நிலையில் மேலே எழும்புவதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் மேலே எழும்பும் கட்டடம் கீழே ஒரு திண்ணையை விட்டுக் கொடுத்தால் அதன் அஸ்திவாரம் ஆட்டங்காணாது.

மயிலாப்பூருக்கும் கூட்டுறவு உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் பண்டு 1872-ல் தொடங்கியது. அதாவது இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-ல் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டே, அங்கத்தினர் சேமிப்பை அங்கத்தினர்க்கே கடனாகக் கொடுக்கும் முறை அங்கே நடைமுறையில் இருந்தது. இசைச் சபைகளும் அப்படியே. 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமி தனக்கெனக் கட்டிய மண்டபத்திற்கு 1955-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1962-ல் அது திறக்கப்பட்டது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள ஏனைய சபைகளும் சந்தாக்காரர்களின் காசால் நிலைத்தவை. கேட்கப் போகிறவர்களே கட்டச் செய்ததால், குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்பதே அங்கே முதற்கேள்வியாயிற்று. பயன்படுத்துபவரே கட்டுவிப்பவராகும்போது வரைபடத்தின் கேள்விகள் மாறிவிடுகின்றன என்பதற்கு இது நல்ல சான்று.

அடையாற்றில் இந்த உண்மை குடியிருப்புக்கும் பொருந்தக் காண்கிறோம். நாடு விடுதலை பெற்றதையடுத்து, 1940-களின் இறுதியில், சென்னைக் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் அடையாற்றில் காந்தி நகரை உருவாக்கியது. ஒழுங்கான குறுக்குத் தெருக்களும், வீட்டைச் சுற்றி மரம் வளர்க்க இடமும், பொதுப் பூங்காவும் அதில் அமைந்தன. கிரசன்ட் பார்க் சாலை என்று பிறைவடிவப் பூங்காவின் பெயரை ஒரு வீதி இன்றும் சுமந்து நிற்கிறது. வீட்டுமனையாக்கி விற்றிருந்தால் அப்பூங்கா நிலத்திற்கு நல்ல பணம் கிடைத்திருக்கும். சங்கம் அவ்வாறு செய்யவில்லை. பங்குதாரர் அனைவருக்கும் சொந்தமான நிலத்தில் ஒரு பகுதியை எவருக்கும் தனியுடைமையாக்காமல் விட்டு வைத்தது. இந்நகரின் பயனை அடைந்தவர்கள் படித்த, மாதச் சம்பளம் பெற்ற நடுத்தர வகுப்பினரே. நெசவாளரும் உழவரும் அல்லர். அந்தக் குறையை மறைப்பது நேர்மையாகாது. அவ்வாறாயினும், முறை நல்லதென்றால் அதை ஏழைகளுக்கும் விரிவாக்க வேண்டும் என்பதே அதிலிருந்து பெறும் பாடம்.

அடையாற்றில் 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பின்னர் திருவான்மியூருக்கு இடம் மாறிய அந்நிலையத்தில் நாட்டியப் பள்ளியோடு கைத்தறிக் கூடமும் இடம்பெற்றது. பழைய சேலைகளின் கரையையும் பேட்டையும் ஆராய்ந்து மீண்டும் நெய்யச் செய்ததால், ‘கலாக்ஷேத்திரச் சேலை’ என்று ஒரு தனிப்பெயரே வழங்கலாயிற்று. 1985-ல் அங்கே கேரளத்துக் கூத்தம்பலத்தின் முறையைத் தழுவிய அரங்கம் திறக்கப்பட்டது. மரங்களை மையமாக வைத்து, தாழ்ந்த கூரைகளோடு கட்டடங்களைச் சிதறவிட்ட அந்த வளாகத்தில், ஆடுபவரும் நெய்பவரும் ஒரே வேலிக்குள் இருக்கிறார்கள். கலைக்கூடம் என்றால் மேடை மட்டுமே என்று கருதாமல், மேடையில் உடுத்தும் புடவை நெய்யப்படும் தறியும் கலையே என்று அந்த வரைபடம் ஒப்புக்கொள்கிறது.

அதே கடற்கரைச் சாலையில் மேலும் தெற்கே முட்டுக்காட்டில், 1996 டிசம்பரில் தக்ஷிணசித்ரா திறக்கப்பட்டது. எளிய பொருள்களால் ஏற்ற வீடு கட்டுவதில் புகழ்பெற்ற லாரி பேக்கர் அதன் அமைப்புக்கு வழிகாட்டினார். தென்னாட்டு வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் பொருத்தி வைத்திருக்கும் அங்கே, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் ஒன்று. தறிக்குழி எங்கே, வெளிச்சம் எவ்வழி வரும், அடுப்புப் புகை நூலைத் தொடாமல் எப்படிப் போகும் என்பதையெல்லாம் அறிந்து கட்டிய வீடு. பாதுகாத்தவர்களுக்கு நன்றி கூறுவோம். ஆனால் நெசவாளர்க்கு ஏற்ற வீட்டைக் காட்சிச்சாலையில் போற்றிவிட்டு, உயிரோடிருக்கும் உழைப்பாளிக்கு அவர் தொழிலை எண்ணாத வீட்டைக் கட்டிக் கொடுப்பது எவ்வகை நீதி?

ஏழையின் வீடு என்று வந்தால் சென்னையின் வரலாறு பெருமையும் வருத்தமும் கலந்தது. நகர அபிவிருத்தி டிரஸ்டு 1961-ல் வீட்டுவசதி வாரியமாயிற்று. நந்தனத்தை அடுத்த சி. ஐ. டி. நகர் அந்த டிரஸ்டின் பெயரையே கொண்டது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. 2021-ல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது அதன் தொடக்ககால வழியாக இருந்தது. ஆனால் 2000-ம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும் பின்னர் பெரும்பாக்கத்திலும் பெருந்தொகுப்பாக வீடுகள் கட்டி, நகரின் உள்ளிருந்த குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைகளில் இருந்த குடும்பங்கள் பலவும் அவ்வாறே சென்றன. வெள்ளத்துக்கு அஞ்சாத கான்கிரீட் கூரை கிடைத்தது மெய். ஆனால் மயிலாப்பூரில் பூ விற்றவருக்கும் வீட்டுவேலை செய்தவருக்கும் தொழில் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திற்கு அப்பால் போய்விட்டது.

பெரும்பாக்கத்துக் கட்டடங்கள் எட்டு அடுக்கு கொண்டவை. தள்ளுவண்டியை எட்டாம் மாடிக்கு ஏற்ற முடியாது; கீழே விட்டால் காவல் இல்லை. பூக்கட்டுவோர் நால்வர் சேர்ந்து உட்காரத் திண்ணை இல்லை. மத்திய சர்க்காரின் 2015-ம் ஆண்டு வீட்டுத் திட்டத்தில் நலிந்த பிரிவினரின் வீட்டுக்குக் குறித்திருந்த உட்பரப்பு 30 சதுர மீட்டர் வரை. அதாவது சுமார் 320 சதுர அடி. அதற்குள் ஒரு குடும்பம் சமைத்து உண்டு உறங்கிய பின், தையல் யந்திரத்துக்கும் ராட்டைக்கும் மிஞ்சுவது என்ன? இங்கே குற்றம் எந்த ஓர் அதிகாரியையோ சிற்பியையோ சாராது. குடியிருப்பு என்றால் உறங்கும் இடம், தொழில் என்பது வேறெங்கோ நடப்பது என்ற எண்ணமே வரைபடத்தில் இறங்கிவிட்டது. நம் மக்களில் பலருக்கு வீடே பட்டறை, வாசலே கடை.

வேறு வழி உண்டா என்று கேட்போருக்கு மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரைக் காட்டலாம். நெசவுக்கும் பீடிக்கும் பேர்போன அந்நகரில், பெண் பீடித் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கும்பாரி கிராமத்தருகே 10,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். அவை 2006-ல் ஒப்படைக்கப்பட்டன. அதையொட்டி எழுந்த ரே நகர் சங்கத்தின் 15,000 வீடுகள் 2024 ஜனவரியில் கைத்தறி, விசைத்தறித் தொழிலாளர், தெரு வியாபாரிகள் முதலியோருக்கு வழங்கப்பட்டன. சர்க்கார் மானியம் இருந்தது. அங்கத்தினர் பங்கும் இருந்தது. வாங்கிக்கொள்பவராக மட்டும் நில்லாமல் கட்டுவிப்பவராகவும் உழைப்பாளிகள் நின்றார்கள் என்பதே அதன் சிறப்பு. அவர்களால் இயன்றது நம்மால் இயலாது என்று எவரும் கூறார்.

இனி மிக முக்கியமான ஒரு விதியைச் சொல்ல வேண்டும். சென்னையில் 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட மனையை வகுப்போர் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளியாக ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைகளிலோ, நிலம் கொடுக்க இயலாதபோது அதற்கீடாகப் பணம் கட்டிவிடலாம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பெருமனைகள் அரியவை. பெரும்பாலானவை இச்சிறு அளவினவோ அதற்கும் குறைந்தனவோதான். ஆகவே எங்கே வெளி மிகக் குறைவோ, அங்கேயே பணம் நிலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள விதி இடங்கொடுக்கிறது. பாவடியை விற்றுச் சங்கக் கணக்கில் வரவு வைத்தால் ஐந்தொகை அழகாகத்தான் இருக்கும். மறுநாள் பாவை எங்கே நீட்டுவது?

‘இவ்வளவு விலையுள்ள நிலத்தில் பாவடிக்கு இடமேது?’ என்ற ஆட்சேபணை எழும். அதற்கு விடை பாவடியிலேயே இருக்கிறது. பாவடி ஒருநாளும் ஒரே வேலைக்கென்று பூட்டி வைக்கப்பட்டதில்லை. பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை காலை 6 மணி முதல் 9 மணி வரை, பெரிய கடைகள் திறக்குமுன், ஏறத்தாழக் காலியாகக் கிடக்கிறது. வாரத்தில் இரு நாட்கள் அந்நேரத்தில் விவசாயிகள் சங்கங்கள் காயும் கனியும் நேரே விற்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைத்தறிச் சங்கங்கள் தம் சரக்கை வைக்கலாம். இடைத்தரகரின்றி விற்கும் உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கி மாநிலமெங்கும் பரவியது. அதற்குப் புதிய கட்டடம் தேவையென்பதில்லை. நேரத்தைப் பகிர்ந்துகொள்ளும் மனமிருந்தால் போதும்.

‘சங்கங்கள் மட்டும் ஒழுங்கானவையோ?’ என்று கேட்பாருமுண்டு. கேட்கட்டும். பினாமிப் பெயரில் மனை பெற்றவர்களும், தவணை செலுத்தாதவர்களும், சொந்தக்காரர்களுக்கே கான்ட்ராக்டு கொடுத்த நிர்வாகஸ்தர்களும் வீட்டுச் சங்கங்களில் இல்லாமற் போகவில்லை. அக்குறைகளைத் தீர்ப்பதற்கே தணிக்கையும் ஆய்வும் இருக்கின்றன. ஆனால் நம் சங்கங்களின் வேறொரு குறையைத் தணிக்கை காண்பதில்லை. கட்டட விஷயம் பொதுச் சபைக்கு வரும்போது மதிப்பீட்டுத் தொகையை ஒவ்வொரு ரூபாயாகக் கிளறிப் பார்க்கிறார்கள். வரைபடத்தை ஒருவரும் விரித்துப் பார்ப்பதில்லை. நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் புதிதாகக் கட்டிய தறிக்கூடம் வெறுமையாகக் கிடந்தது. பத்தடிக்கொரு தூண் நின்றதால் தறிகளை வரிசையாக நிறுத்த முடியவில்லை. ஜன்னல்களோ மேற்கு வெயிலை நேரே நூலின்மேல் விட்டன. ரசீதுகள் அத்தனையும் சரியாக இருந்தன! ஒரு நெசவாளி அந்த வரைபடத்தைக் கால்மணி நேரம் பார்த்திருந்தால் அக்கூடம் இன்று தறியோசையால் நிறைந்திருக்கும்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, சங்கத்தின் சொந்தக் கட்டடமாயினும், சர்க்கார் கட்டித்தரும் வீடாயினும், ஒப்பந்தம் கோருமுன் வரைபடம் பொதுச் சபையில் வைக்கப்பட வேண்டும். காகிதம் விளங்காதவர்க்காக, கட்டப்போகும் அறையின் அளவைத் தரையில் சுண்ணாம்புக் கோடாக முழு அளவில் போட்டுக் காட்ட வேண்டும். அக்கோட்டுக்குள் தறியை வைத்துப் பார்க்கட்டும். கூடையை இறக்கிப் பார்க்கட்டும். செலவு ஒரு கூடை சுண்ணாம்பு. இரண்டாவது, உழைப்பாளர் அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் பொதுத் தொழிற்கூடமும், வண்டி நிறுத்தும் இடமும், திண்ணையும் விதியாகவே சேர்க்கப்பட வேண்டும். மூன்றாவது, நகரின் அகன்ற நடைபாதைகளிலும் பூங்கா ஓரங்களிலும் குறித்த நாளில் குறித்த நேரத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் விற்பனை செய்ய மாநகராட்சி அனுமதி தர வேண்டும். நான்காவது, பொதுவெளிக்கு ஈடாகப் பணம் பெறும் வழக்கம் நின்று, எவ்வளவு சிறிதாயினும் நிலமாகவே பெறப்பட வேண்டும். ஐந்து பேர் உட்காரும் ஒரு மரத்தடியும் பொதுவெளியே.

தென்சென்னையின் பழைய வாரியக் குடியிருப்புக்களும் கூட்டுறவு மனைகளும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுப் புதிதாக எழும் காலம் இது. நூறாண்டுக்கு முன் மாம்பலத்து ஏரிப் பரப்பில் போட்ட கோடுகளே இன்றும் தியாகராய நகரை ஆளுகின்றன என்பதைக் கண்டோம். இப்போது போடப்படும் கோடுகள் நம் பேரப்பிள்ளைகளை ஆளும். அவை போடப்படும் மேசையின் அருகே நெய்பவரும் விளைப்பவரும் விற்பவரும் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே கேள்வி.

வரும் பொதுச் சபைக் கூட்டங்களில் சங்கங்கள் இந்நான்கையும் விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். மாறுபட்ட கருத்துடைய அங்கத்தினர்கள் அதையும் வெளிப்படையாக எடுத்துரைக்கட்டும். ஒப்புக்கொள்ளும் சங்கங்கள் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலை மாநகராட்சிக்கும் வாழ்விட மேம்பாட்டு வாரியத்திற்கும் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளருக்கும் அனுப்புவார்களாக. ஒரு சங்கத்தின் கடிதம் கோப்பில் உறங்கக்கூடும். நூறு சங்கங்களின் தீர்மானம் அவ்வளவு எளிதில் உறங்காது.